கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே எத்தனை வோல்ட்? மாஸ்ஃபெட்டை ஸ்விட்சாகப் பயன்படுத்தத் தொடங்குபவர்களுக்கு

புளியரை, மேக்கரை, வடகரைப் பக்கம் மலையடிவாரத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்குக் காட்டுப்பன்றி தீராத தொல்லை. ராத்திரி முழுக்க ஆள் காவல் கிடக்க முடியாத இடங்களில் சிலர் சின்னதாக ஒரு விளக்கு செய்து வைக்கிறார்கள். ஒரு சோலார் பலகை, 12 வோல்ட் பேட்டரி, உடல்சூடு உள்ள எதுவும் எதிரே அசைந்தால் உணரும் பி.ஐ.ஆர். சென்சார், 2 ஆம்பியர் இழுக்கிற எல்.இ.டி. பட்டை, நடுவே ஸ்விட்சாக மாஸ்ஃபெட் என்கிற மூன்று கால் உருப்படி. சென்சார் உணர்ந்ததும் பட்டை பளிச்சென்று எரிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. செங்கோட்டையில் என் மேசைக்கு இதைக் கொண்டுவரும் பையன்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

"அண்ணாச்சி, சென்சார் நல்லா வேலை செய்யுது. லைட்டுதான் மங்கலா எரியுது. இந்த மூணு கால் ஐட்டத்தத் தொட முடியல, கொதிக்குது."

"கேட்ல எத்தன வோல்ட் வருதுன்னு பாத்தியா தம்பி?"

"மூணு புள்ளி மூணு."

பதில் அந்த எண்ணிலேயே இருக்கிறது. மாஸ்ஃபெட்டை ஸ்விட்சாகப் பயன்படுத்தும்போது வரும் கோளாறுகளில் முக்கால்வாசியை ஒரே கேள்வியால் பிடித்துவிடலாம்: கேட் காலுக்கும் சோர்ஸ் காலுக்கும் நடுவே இப்போது எத்தனை வோல்ட் இருக்கிறது? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைத்தான் விதவிதமான இடங்களில் கேட்கப் போகிறோம்.

ஏன் மாஸ்ஃபெட்?

பி.ஐ.ஆர். சென்சாரின் வெளியீடு வெறும் சைகைதான். அதில் நேரடியாகப் பட்டையை எரிக்க முடியாது. புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன போர்டான அர்டுயினோவின் ஒரு காலும் அப்படித்தான். 5 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. எனவே சின்ன சைகையை வாங்கிப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிட நடுவில் ஒரு ஸ்விட்ச் வேண்டும்.

பழைய வழி டிரான்சிஸ்டர். பிசி547 போன்றவை 100 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும். பெரிய டிரான்சிஸ்டர் போட்டாலும் அதன் பேஸ் காலுக்கு நாம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முழுதாகத் திறக்க, லோடு (நாம் இயக்கும் பட்டையோ மோட்டாரோ) இழுப்பதில் பத்தில் ஒன்றோ இருபதில் ஒன்றோ தேவைப்படும். 2 ஆம்பியர் பட்டைக்கு 100 முதல் 200 மில்லி ஆம்பியர். சென்சாரால் அது ஆகாது. டிஐபி122 போன்ற டார்லிங்டன் வகைக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். ஆனால் 3 ஆம்பியர் ஓடும்போது அதன் குறுக்கே 2 வோல்ட் வரை விழலாம். இரண்டையும் பெருக்கினால் 6 வாட். சோலாரில் பாடுபட்டுச் சேர்த்த மின்சாரம், சூட்டைக் காற்றில் விடும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கில் போய்ச் சேரும்.

மாஸ்ஃபெட் இந்த இரண்டு குறையையும் தீர்க்கிறது. 1959இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முகமது அட்டாலாவும் தாவோன் காங்கும் இதை முதன்முதலில் செய்துகாட்டினார்கள். இன்று செல்போன் சிப்பில் கோடிக்கணக்கில் அடைந்து கிடப்பதும் இதே அமைப்புதான்.

இதற்கு மூன்று கால்கள்: கேட், டிரெயின், சோர்ஸ். டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே லோடின் கரண்ட் ஓடும். கேட்டோ இந்த இரண்டோடும் உள்ளே ஒட்டவே இல்லை. சிலிக்கான் மேல் சிலிக்கான் ஆக்சைடு ஒரு மெல்லிய படலமாக இருக்கிறது, கிட்டத்தட்ட கண்ணாடி. அதற்கு மேல்தான் கேட். சோர்ஸை விட கேட்டில் போதுமான பாசிட்டிவ் வோல்ட்டேஜ் வந்தால், அதன் மின்புலம் படலத்தைத் தாண்டி எலக்ட்ரான்களைக் கீழே இழுத்துச் சேர்க்கும். சேர்ந்த எலக்ட்ரான்கள் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஒரு பாதை போடும். இது 'என் சேனல்' (N-channel) வகை. பாதை நிலைத்திருக்க கேட்டில் கரண்ட் ஓட வேண்டியதில்லை, வோல்ட்டேஜ் நின்றால் போதும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. தொடங்குகிறவர்கள் எல்லோரையும் முதலில் இதைச் செய்யச் சொல்வேன். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு எல்.இ.டி., ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு ஐஆர்எல்இசட்44என். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ரெசிஸ்டர், எல்.இ.டி., அங்கிருந்து டிரெயின். சோர்ஸ் பேட்டரி நெகட்டிவுக்கு. கேட்டை எதிலும் இணைக்காமல் அந்தரத்தில் விடுங்கள். இப்போது ஒரு விரலால் பேட்டரி பாசிட்டிவையும் மறு விரலால் கேட்டையும் ஒரே நேரத்தில் தொடுங்கள். எல்.இ.டி. எரியும். கையை எடுங்கள். எரிந்துகொண்டே இருக்கும்! உடம்பு வழியாக வந்த துளி மின்னூட்டம் அந்தக் கண்ணாடிப் படலத்தின் மேல் போக வழியில்லாமல் தங்கிவிட்டது. இனி நெகட்டிவையும் கேட்டையும் சேர்த்துத் தொடுங்கள், அணைந்துவிடும். தோல் மூலம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் கரண்ட் வரும். அது இவ்வளவு பெரிய ஸ்விட்சைத் தட்டிவிடுகிறது.

இதே சோதனை இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கிறது. கேட்டை அந்தரத்தில் விட்டால் அது தன் இஷ்டத்துக்கு எரியும், அணையும். பக்கத்தில் கை போனாலே போதும். அதனால் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். சென்சாரின் வயர் எலி கடித்து அறுந்தாலும், அர்டுயினோ இன்னும் விழித்துக்கொள்ளாத அந்தத் தொடக்க நொடிகளிலும், கேட்டில் தங்கியதை இது சோர்ஸுக்கு இறக்கிவிடும். சில காசுகள் விலையுள்ள இந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டு, மோட்டார் தானாக ஓடுகிறது என்று தேடி அலைபவர்கள் அதிகம்.

மங்கல் விளக்கின் காரணம்

அந்தப் பையன் போட்டிருந்தது ஐஆர்எஃப்இசட்44என். கடையில் மாஸ்ஃபெட் என்று கேட்டால் முதலில் கையில் கிடைப்பது இதுதான். 55 வோல்ட், 49 ஆம்பியர் என்று தயாரிப்பாளர் தரும் தகவல் தாளின் (டேட்டாஷீட்) முதல் பக்கம் சொல்லும். 2 ஆம்பியருக்கு 49 ஆம்பியர் உருப்படி தாராளம் என்றுதானே தோன்றும்?

தாளின் உள்ளே திரெஷோல்டு என்று ஒரு வரி இருக்கும்: குறைந்தது 2 வோல்ட், அதிகம் 4 வோல்ட். பலரும் இதைப் பார்த்து, 3.3 வோல்ட் கொடுத்தால் ஆன் ஆகிவிடும் என்று முடிவு கட்டுகிறார்கள். அதே வரியின் ஓரத்தில் இருக்கும் நிபந்தனையைப் படிக்க வேண்டும். அந்த வோல்ட்டேஜில் ஓடும் கரண்ட் 250 மைக்ரோ ஆம்பியர். அதாவது கால் மில்லி ஆம்பியர்! திரெஷோல்டு என்பது பாதை முளைக்கத் தொடங்கும் இடம். முழுதாகத் திறந்த இடம் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

முழுதாகத் திறந்த நிலையை அறிய இன்னொரு வரியைத் தேடுங்கள். ஆன் நிலையில் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே உள்ள மின்தடை. ஐஆர்எஃப்இசட்44என்னுக்கு 17.5 மில்லி ஓம் என்று இருக்கும். அருமையான எண்தான், ஆனால் பக்கத்திலேயே 'கேட் வோல்ட்டேஜ் 10' என்று போட்டிருக்கும். 10 வோல்ட் கொடுத்தால்தான் அந்த 17.5. 3.3 வோல்ட்டில் என்ன ஆகும் என்று தாள் எந்த உறுதியும் தரவில்லை. ஒரே பொட்டலத்தில் வாங்கிய இரண்டில் ஒன்று ஓரளவு எரியும், மற்றொன்று கண்ணே திறக்காது.

பாதித் திறந்த மாஸ்ஃபெட் எப்படி என்றால், வயல் மடைப் பலகையைப் பாதி தூக்கி வைத்தது போல. தண்ணீரும் முழுதாகப் பாயாது, சீறுகிற நீர் மடையடி மண்ணையும் அரித்துவிடும். மாஸ்ஃபெட்டில் அந்த அரிப்புதான் சூடு. கணக்கைப் பாருங்கள். பட்டைக்கு 9 வோல்ட் போய், மாஸ்ஃபெட்டின் குறுக்கே 3 வோல்ட் நிற்கிறது, ஓடுவது 0.6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 3 பெருக்கல் 0.6, ஆக 1.8 வாட். ஹீட்சிங்க் இல்லாத இந்த உறைக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 62 டிகிரி சூடு ஏறும். 1.8 வாட்டுக்கு 111 டிகிரி. வெளிக்காற்று 30 டிகிரி என்றால் உள்ளே 141. தொட்டவன் கையை உதறத்தான் செய்வான்.

மூளையாக இருக்கும் போர்டு 5 வோல்ட் கொடுக்கிறது என்றால் குறைந்த கேட் வோல்ட்டேஜிலேயே நன்றாகத் திறக்கும் லாஜிக் லெவல் வகையை வாங்குங்கள். ஐஆர்எல்இசட்44என் அப்படிப்பட்டது. பெயரில் 'எஃப்' இருந்த இடத்தில் 'எல்' இருக்கும். கடையில் இந்த ஒரு எழுத்தை நின்று பார்த்து வாங்க வேண்டும். இதன் தாளில் 5 வோல்ட்டில் 25 மில்லி ஓம், 4 வோல்ட்டில் 35 மில்லி ஓம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். 2 ஆம்பியர் ஓடினால் 2 பெருக்கல் 2 பெருக்கல் 0.025, ஆக 0.1 வாட். ஆறேழு டிகிரிதான் ஏறும். ஹீட்சிங்க் தேவையே இல்லை.

நம் சென்சாரோ 3.3 வோல்ட்தான் தரும். ஈ.எஸ்.பி.32 போர்டும் அப்படியே. ஐஆர்எல்இசட்44என் 3.3 வோல்ட்டில் பெரும்பாலும் சமாளித்துவிடும், ஆனால் தாள் 4 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. மழையிலும் வெயிலிலும் வயலில் கிடக்கப் போகிற பெட்டிக்கு 'பெரும்பாலும்' போதாது என்பது என் கருத்து. இதற்குப் பொருத்தம் ஏஓ3400. நெல்மணியை விடச் சின்னது. ஈயம் வைக்கக் கை நடுங்கக் கூடாது. 30 வோல்ட் தாங்கும், 2.5 வோல்ட் கேட்டிலேயே 50 மில்லி ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஒரே எச்சரிக்கை: இதன் கேட் 12 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டைத் தொடுகிற பேட்டரியின் வயரை இதன் கேட்டில் நேரே வைத்துவிடாதீர்கள், அந்தக் கண்ணாடிப் படலம் ஓட்டையாகிவிடும். ஐஆர்எல்இசட்44என்னுக்கு அந்த எல்லை 16 வோல்ட், ஐஆர்எஃப்இசட்44என்னுக்கு 20.

அர்டுயினோவுக்கென்றே ஐஆர்எஃப்520 பொருத்திய குட்டி போர்டுகள் நிறைய விற்கின்றன. அதை வாங்குமுன் யோசியுங்கள். அது 10 வோல்ட் கேட்டிலேயே 0.27 ஓம். 3 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட 2.4 வாட் சூடு. 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் இன்னும் மோசம். அரை ஆம்பியருக்குள் உள்ள வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது?

என் சேனல் மாஸ்ஃபெட்டை லோடுக்குக் கீழே வையுங்கள். பேட்டரி பாசிட்டிவ் நேராகப் பட்டைக்கு. பட்டையின் மறுமுனை டிரெயினுக்கு. சோர்ஸ் நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு. சென்சாரிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கேட். கேட்டிலிருந்து சோர்ஸுக்கு மேலே சொன்ன 100 கிலோ ஓம். முடிந்தது. 220 ஓம் எதற்கு? கேட் மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு சின்ன கபாசிட்டர் போல நடப்பதால் ஆன் ஆகும் அந்தக் கணத்தில் மட்டும் திடீரென ஒரு கரண்ட் இழுக்கும், அதை அடக்கி வைக்க.

இந்த இடத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. போர்டுக்குத் தனி யு.எஸ்.பி. சார்ஜர், பட்டைக்குத் தனி பேட்டரி. இரண்டின் நெகட்டிவும் இணைக்கப்படவில்லை. போர்டு தன் கணக்கில் 5 வோல்ட் அனுப்புகிறது, ஆனால் சோர்ஸிலிருந்து அளந்தால் அது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. நம் கேள்வியைக் கேட்டதும் புரிந்துவிடும்: வோல்ட்டேஜ் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே அல்லவா வேண்டும். இரண்டு நெகட்டிவையும் ஒரு வயரால் சேருங்கள்.

அதே என் சேனலை லோடுக்கு மேலே, பாசிட்டிவ் பக்கம் வைத்தால் என்ன? டிரெயின் பேட்டரி பாசிட்டிவில், சோர்ஸ் பட்டையில். மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்கியதும் பட்டைக்கு வோல்ட்டேஜ் ஏறுகிறது, அதாவது சோர்ஸின் வோல்ட்டேஜே ஏறுகிறது. கேட்டில் 5 வோல்ட் மாறாமல் நிற்கிறது. சோர்ஸ் 3 வோல்ட்டுக்கு ஏறியதும் நடுவே மிஞ்சுவது 2 வோல்ட்தான். தன்னைத் தானே மூடிக்கொள்ளும். பட்டைக்கு இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகவே போகாது.

ஜீப், ஆட்டோ போன்றவற்றில் வண்டியின் உடம்பே நெகட்டிவ். விளக்கின் ஒரு முனை ஏற்கெனவே அதில் இருக்கும். அங்கே ஸ்விட்ச் மேலேதான் இருந்தாக வேண்டும். அதற்கு பி சேனல் வகை, உதாரணமாக ஐஆர்எஃப்9540என். இதில் எல்லாம் தலைகீழ்: சோர்ஸ் பேட்டரி பாசிட்டிவுக்கு, டிரெயின் லோடுக்கு. கேட் சோர்ஸை விடக் கீழே இறங்கினால் திறக்கும். கேட்டிலிருந்து சோர்ஸுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டால் சும்மா இருக்கும்போது மூடியே இருக்கும். திறக்க வேண்டுமானால் ஒரு பிசி547 வைத்து அந்தக் கேட்டை நெகட்டிவுக்கு இழுத்துவிட வேண்டும், சென்சாரின் 3.3 வோல்ட்டை 10 கிலோ ஓம் வழியாக பிசி547இன் பேஸுக்குக் கொடுத்தால் போதும். இதில் இன்னொரு நன்மை பாருங்கள். சைகை வெறும் 3.3 வோல்ட்டானாலும் மாஸ்ஃபெட்டுக்கு முழு 12 வோல்ட் கிடைத்துவிடுகிறது. ஏஓ3400இன் சின்னக் கால்களில் ஈயம் வைக்கச் சிரமப்படுகிறவர்கள் வயல் விளக்கையே இப்படிச் செய்யலாம். 2 ஆம்பியருக்கு அரை வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் சூடாகும், பாதகமில்லை. 24 வோல்ட் லாரியில் மட்டும் இதை அப்படியே போடாதீர்கள். இதன் கேட் தாங்குவது 20 வோல்ட்தான்.

பம்பு, மோட்டார், ரிலே

பட்டைக்குப் பதிலாக 12 வோல்ட் பம்பு என்றால், கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு சேர வேண்டும். மோட்டாரின் சுருளில் ஓடும் கரண்ட்டைத் திடீரென நிறுத்தினால் அது நிற்க மறுக்கும். போக வழி தேடி டிரெயின் வோல்ட்டேஜை மேலே தள்ளிக்கொண்டே போகும். 12 வோல்ட் சர்க்யூட்டில் 55 வோல்ட் மாஸ்ஃபெட் செத்துப்போவது இப்படித்தான். சுருளின் இரண்டு முனைக்கும் குறுக்கே டயோடு போடுங்கள், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். அடைபட்ட கரண்ட் டயோடு வழியாகச் சுற்றி ஓய்ந்துவிடும். சின்ன ரிலேவுக்கு (சுருளின் காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) 1என்4007, 3 ஆம்பியர் பம்புக்கு 1என்5408. வேகத்தைக் குறைத்துக் கூட்ட பி.டபிள்யூ.எம். முறையில், அதாவது மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை விட்டு நிறுத்தி ஓட்டுகிறவர்கள் வேகமாக மூடும் ஷாட்கி வகை போட வேண்டும்.

மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே சோர்ஸிலிருந்து டிரெயினுக்கு ஒரு டயோடு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது இந்த வேலைக்கு வேறு திசையில் இருக்கிறது. அந்த உள் டயோடால் ஒரு தொல்லையும் உண்டு: பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால், கேட் மூடியிருந்தாலும் கரண்ட் அதன் வழியாக ஓடிவிடும்.

வீட்டு 230 வோல்ட் மோட்டாரை ஒற்றை மாஸ்ஃபெட்டால் அணைத்து எரிக்க முயல வேண்டாம். அது மாறுதிசை மின்சாரம். ஒரு திசையில் நீங்கள் மூடினாலும் மறு திசையில் அந்த உள் டயோடு திறந்தே இருக்கும். கூடவே உங்கள் அர்டுயினோவும் நேராக மெயின்ஸில் மாட்டிக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து. அங்கே ரிலேதான் சரி, அந்த ரிலேவின் சுருளை இயக்க ஒரு 2என்7000 போதும்.

எல்லாம் இணைத்த பிறகு

விளக்கு எரியும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை டிரெயினிலும் கறுப்பை சோர்ஸிலும் வையுங்கள். ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட் கேட்டோடு 2 ஆம்பியரில் ஓடினால் 0.05 வோல்ட் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். அது முழுதாகத் திறந்ததற்கு அடையாளம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கறுப்பை சோர்ஸிலேயே வைத்து, சிவப்பைக் கேட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே எதிர்பார்த்த வோல்ட் குறைந்தால் கோளாறு சென்சார் பக்கம் அல்லது நெகட்டிவ் இணைப்பில். கேட்டில் சரியாக இருந்தும் டிரெயினில் அதிகம் விழுந்தால், வாங்கிய உருப்படி பெயருக்கேற்ற சரக்கு இல்லை. மறு எழுத்து அச்சடித்த போலிகள் சந்தையில் உண்டு. டிரெயினில் 12 வோல்ட்டும் அப்படியே நின்றால் மாஸ்ஃபெட் திறக்கவே இல்லை. கேட்டையும் சோர்ஸையும் ஒரு வயரால் சேர்த்த பிறகும் விளக்கு அணையவில்லை என்றால், கால்கள் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த மாஸ்ஃபெட்டைக் கழற்றிப் புதியது போடுங்கள். உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது.